விலை விழும்

அந்த அன்ரியின் வீட்டு முன்வாசலில் ஒரு செருப்பைக்கூடக் காணமுடியாது. எங்கள் ஆட்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் வாசலில் ஐம்பது சோடியாவது குவிந்து கிடக்கும். அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் சுற்றிப் பின்பக்கம் போய், அங்கே விரித்திருக்கும் பிளாஸ்டிக் பாயில் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக் கதவால் நுழையவேண்டும். ஏனென்று கேட்டால் இரண்டே சொல்லில் பதில் வரும்.

"விலை விழும்."

கொடியில் உடுப்புக் காய்ந்தால் வீட்டு விலை விழும். வாசலில் நின்று சத்தமாகத் தமிழ் கதைத்தால் விலை விழும். சொந்தத் தம்பி டாக்ஸி ஓடுகிறவர். கூரையில் விளக்கு வைத்த கார் வீட்டுக்கு முன்னால் நின்றால் விலை விழும் என்பதால், அந்த மனிதர் மைனஸ் இருபதிலும் இரண்டு வீதி தள்ளிக் காரை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நடந்து வருவார். பேத்தியின் பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் கும்பலாக வந்து இறங்கக்கூடாது என்று, இந்தக் குடும்பம் நாலு மணிக்கு, அந்தக் குடும்பம் நாலரைக்கு என்று வாட்ஸ்அப்பில் நேரம் பிரித்து அனுப்பியவர் அன்ரி. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும்தான் சிரித்தேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக இல்லை. சொன்னால் அவருடைய பிள்ளைகளுக்கு மனம் நோகும், அவர்கள் நல்ல பிள்ளைகள்.

நான் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்சன் பகுதியில், என் வீட்டுச் சமையலறையில் றோல்ஸ், பற்றிஸ், கடலை வடை செய்து விற்கிறவள். அவர் என்னுடைய பழைய வாடிக்கை. அவர் வீட்டு அடுப்பில் ஒருநாளும் எண்ணெய் கொதித்ததில்லை. பொரித்த மணம் சுவரில் ஊறிவிட்டால், நாளைக்கு வீடு பார்க்க வருகிறவன் மூக்கைச் சுளிப்பானாம். அதனால் அவர் வீட்டு விசேஷங்களின் மணமெல்லாம் என் வீட்டுச் சுவரில் ஊறியது. வீட்டை விற்கப்போகிறீர்களா அன்ரி என்று ஒருநாள் கேட்டேன். தனக்கென்ன விசரா என்று திருப்பிக் கேட்டார். விற்கவே போகாத வீட்டின் விலையை அப்படிக் கட்டிக் காத்தவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் இடத்தையும் அவர் இருக்கும் ஊரையும் பிரிப்பது ஒரு பெரிய வீதியும் அதன் ஓரமாக ஓடும் ஒரு கம்பி வேலியும். வேலியை மறைத்துச் செடி வளர்த்திருக்கிறார்கள். கோடையில் கம்பி தெரியாது, இலை உதிர்ந்தபின் நன்றாகத் தெரியும். அங்கங்கே ஆள் நுழையச் சின்னக் கதவுகள் உண்டு. நாங்கள் அந்த ஊரின் பெயரைச் சொல்வதில்லை, வேலிக்கு அங்காலை என்றால் எல்லோருக்கும் விளங்கும். என் சமையலறையிலிருந்து அன்ரி வீடு நடை தூரம். இரண்டு இடத்திலும் ஒரே பனிதான் கொட்டுகிறது, ஒரே காற்றுத்தான் அடிக்கிறது. விலை மட்டும் வேலியைக் கடந்ததும் மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று ஏறிவிடும்.

அது ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மரம் என்பார்கள், பள்ளிக்கூடம் என்பார்கள். நகரத்தின் மேற்கு ஓரத்தில் பியர்பொன்ட்ஸிலும்தான் மரம் இருக்கிறது, வளவும் பெரிது. ஆனால் அங்கிருந்து வேலைக்குப் போகிறவன் பஸ்ஸுக்குள்ளேயே நரைத்துப்போவான். ஆற்றுக்கு அங்கால் லவாலில் புத்தம்புது வீடு கிடைக்கும், காலையும் மாலையும் பாலத்தில் காத்துக் கிடக்கவேண்டும். அன்ரியின் ஊரில் ரயில் மலைக்குள்ளால் புகுந்து பத்து நிமிடத்தில் டவுன்ரவுனில் விட்டுவிடும். நகரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், நகரத்து ஆட்கள் கண்ணில் படவும் கூடாது. அந்த இரண்டு ஆசையையும் ஒரே இடத்தில் வாங்குவதற்குத்தான் அந்த விலை.

இதை அன்ரி என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வார். பின்னேரங்களில் நடக்கப் போவது அவர் வழக்கம். விற்பனைப் பலகை நட்ட வீடுகளுக்கு முன்னால் நின்று, கூரை, யன்னல், வாசல்படி எல்லாம் பார்த்து, என்ன விலைக்குப் போகும் என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை றோல்ஸ் கொடுக்கப் போன என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். வீதியில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. ஒரு பழைய பங்களாவைக் காட்டி, இந்தக் கிழட்டு வீட்டில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு விலை கேட்கிறார்கள் என்றேன். அவர் வீதியின் இரண்டு பக்கமும் கையைக் காட்டினார்.

"இருக்கிறதுக்கு இல்லைப் பிள்ளை. இஞ்சை ஆர் இல்லையோ, அதுக்குத்தான் விலை."

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர் அல்லர். அவரும் பார்க் எக்ஸ்டென்சனில், யன்னல் வழியாக மற்றவர்களின் கால்கள் மட்டும் தெரிகிற ஒரு நிலவறை வீட்டில் பதினான்கு வருடம் இருந்தவர். பகலில் தையல் ஆலை, சனி ஞாயிறு அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. புருஷன் உணவகத்தில் கோப்பை கழுவினார். மூன்று பிள்ளைகள் ஒரே கட்டிலில் படுத்தார்கள். இதையெல்லாம் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கண் கலங்கும். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கஷ்டப்பட்டவருக்கு இரக்கம் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த என் மடத்தனத்தை அவர்தான் தெளியவைத்தார்.

அவர் பெருமையாகச் சொன்ன ஒரு கதை இருக்கிறது. பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தபோது திருகோணமலைப் பக்கத்து இளம் குடும்பம் ஒன்று பார்க்க வந்தது. கைக்குழந்தையோடு வெளியே நின்று யன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அன்ரி சிரித்த முகத்தோடு போய், பிள்ளைகள் எந்த ஊர் என்று விசாரித்து, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சி, பிறகு குரலைத் தாழ்த்தி, அது நிலவறைக்குள் தண்ணீர் வருகிற வீடு, ஒவ்வொரு வசந்தத்திலும் முழங்கால் அளவு நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய் பியர்பொன்ட்ஸில் வாங்கினார்கள். இன்றைக்கும் கோயிலில் கண்டால் அன்ரியின் கையைப் பிடித்துக் கதைப்பார்கள். ஏன் அன்ரி அப்படிச் செய்தீர்கள், எங்கள் ஆட்கள்தானே என்று கேட்டேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தமிழ் வீடு என்றால் மூன்றாவதும் வரும் என்றார். அதைக் கேட்டபிறகும் அவர் தந்த தேத்தண்ணியை நான் குடித்து முடித்தேன். என் அருவருப்பில் ஒரு பங்கு என்மேலும்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி அக்காவின் விஷயம். என் அக்காவும் அத்தானும் எனக்கு இரண்டு வீதி தள்ளி, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். மொன்றியலின் பழைய வீடுகளுக்குப் படி வெளியில்தான். வளைந்து ஏறும் இரும்புப் படி, பனிக்காலத்தில் கண்ணாடிபோல உறைந்து கிடக்கும். அத்தான் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இருபது வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவர். ஐம்பத்தெட்டு வயதில் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வைத்தியசாலையிலிருந்து அவரை நாலு பேர் கதிரையோடு தூக்கி மேலே ஏற்றினார்கள். அதற்குப்பிறகு வைத்தியரிடம் போகும் நாள் தவிர அவர் கீழே இறங்கவில்லை. அவருக்குப் பெரிய ஆசைகள் இல்லை. மூலையில் இருக்கும் டெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்குத் தானே போய், தன் கையால் ஒரு லொத்தர் சீட்டு வாங்கவேண்டும். அக்கா வாங்கிவரும் சீட்டில் பரிசு விழாது என்பார்.

அப்போதுதான் வேலிக்கு அங்கால், புது ரயில் நிலையம் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில், லிப்ட் வைத்த ஐந்து மாடி வீட்டுத் தொகுதி கட்டப்போவதாகக் கேள்விப்பட்டோம். அதில் சில வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கியிருந்தார்கள், சக்கர நாற்காலிக்காரருக்கும் இரண்டு மூன்று. அக்கா ஒருவரிடமும் கேட்காமல் தானே படிவம் நிரப்பி, வைத்தியரின் கடிதம் வைத்து அனுப்பினாள். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. தகுதி இருக்கிறது, பட்டியலில் மேலே இருக்கிறீர்கள், கட்ட அனுமதி கிடைத்ததும் தொடர்புகொள்வோம் என்று. அத்தான் அந்தக் கடிதத்தை வலக்கையில் பிடித்துக்கொண்டு அன்று முழுக்கக் கீழே வைக்கவில்லை. கைகூடும்வரை ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று அக்கா எனக்குச் சொன்னாள்.

நான் மூச்சு விட்டேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு நோய் உண்டு. நேராக நடக்கிற காரியத்துக்கும் ஒரு சிபாரிசு வேண்டும் எங்களுக்கு. ஊரில் விதானையைப் பிடிக்கவேண்டும், கந்தோரில் ஒரு தெரிந்த கிளார்க்கைப் பிடிக்கவேண்டும். கனடா வந்து முப்பது வருடமானாலும், தெரிந்த ஒரு பெரிய ஆள் ஒரு சொல் சொல்லாமல் ஒரு படிவம் தானாக நகரும் என்று மனம் நம்புவதில்லை. அன்ரி அந்த ஊர்க்காரர், நகரசபையில் ஆட்களைத் தெரிந்தவர். அக்காவுக்குச் சொல்லாமல் அவள் வீட்டிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஒரு தட்டு றோல்ஸும் கட்டிக்கொண்டு, பின்கதவால் போய் நின்றேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். தெரிந்த ஒருவருக்குக் காட்டவேண்டும் என்று போனில் படம் எடுத்தார். ஐந்து மாடியா என்று கேட்டார். எத்தனை வீடு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். பார்க் எக்ஸ்டென்சனில் வேறு யார் யார் போட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டார். அக்கறையாக விசாரிக்கிறார் என்று எனக்குப் புளகாங்கிதம். தெரிந்த நாலைந்து குடும்பங்களை ஊர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை சகிதம் ஒப்புவித்தேன். புறப்படும்போது என் தோளைத் தட்டி, யோசிக்கவேண்டாம் பிள்ளை, நான் கதைக்கிறன் என்றார். திரும்பி வரும்போது அக்காவுக்கு உதவி செய்துவிட்டேன் என்ற நிறைவில் வேலிக்கதவைக்கூட மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

மூன்று கிழமை கழித்து அன்ரி பெரிய ஓடர் ஒன்று தந்தார். இருநூறு றோல்ஸ், நூறு பற்றிஸ், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள். என்ன விசேஷம் என்று கேட்டேன், சும்மா ஒரு சந்திப்பு என்றார். நான் விடியவே எழும்பிப் பொரித்து, சூடு ஆறாமல் கொண்டுபோனேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக அவர் வாசலில் கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். விலையைப் பற்றி அன்று ஒருவரும் கவலைப்படவில்லை.

அந்த ஊரில் ஒரு முறை இருக்கிறது. நகரசபை ஒரு காணியில் உயரமாகக் கட்ட அனுமதிக்கப் பார்த்தால், அயலில் இருப்பவர்கள் குறித்த நாளில் நகரமண்டபத்துக்குப் போய் ஒரு பதிவேட்டில் கையெழுத்து வைக்கலாம். போதிய கையெழுத்துச் சேர்ந்தால் சபை வாக்கெடுப்பு வைக்கவேண்டும், இல்லையென்றால் திட்டத்தைக் கைவிடவேண்டும். அன்று அந்த நாள். அன்ரி அயலட்டையில் இருந்த நம்மவர்களையும் இந்தியர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, வயிறாறக் கொடுத்து, ஐந்து ஐந்து பேராகக் காரில் ஏற்றிக் கையெழுத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது.

வரவேற்பறையில் ஒரு சென்னைக்காரர் இருந்தார். நெடுங்காலம் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மிகவும் மரியாதையானவர். "நாங்க யாருக்கும் எதிரி இல்லைங்க, டென்சிட்டிதான் பிரச்சனை" என்று சொல்லிவிட்டு மூன்றாவது றோலை எடுத்தார். இரண்டு பேர் தயங்கினார்கள். வயதானவர்களுக்கு, வருத்தக்காரருக்கு உதவும் கட்டடத்தை மறிப்பது பாவமில்லையா என்று ஒரு பெண் கேட்டார். அன்ரி போனை எடுத்து என் அக்காவின் கடிதப் படத்தைத் திறந்தார். பெயரை வாசித்தார். பாரிசவாதம் என்று சொன்னார். மற்றக் குடும்பங்களையும் நான் ஒப்புவித்த அதே வரிசையில் சொன்னார்.

"இவை எனக்குத் தெரிஞ்ச ஆக்கள். நல்ல ஆக்கள். நானே வேண்டாம் எண்டுறன், உங்களுக்கு என்ன பாவம்?"

அந்தப் பெண் எழுந்து மேலங்கியைப் போட்டார். தயங்கிய மற்றவரும் எழும்பினார். வெள்ளைக்கார முதலாளி ஒரு கறுத்த வேலைக்காரனை முன்னால் விட்டு மற்றக் கறுத்தவர்களை விரட்டுவதுபோல, ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயால் சொன்னால் அது பாகுபாடு இல்லை என்று எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. நான் கையில் சம்பல் கிண்ணத்தோடு நின்றேன். அதை எறிந்திருக்கலாம், கத்தியிருக்கலாம். மேசையில் வைத்துவிட்டு, அவர் நீட்டிய காசை வாங்கிக்கொண்டு, பின்கதவால் வெளியேறினேன். வீட்டுக்கு வந்து கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் எண்ணெய் மணம் போகவில்லை. என் கையால் சுட்டதைத் தின்றுவிட்டுத்தான் அவர்கள் போய்க் கையெழுத்து வைத்தார்கள்.

கையெழுத்து தேவைக்கு மேலேயே சேர்ந்தது. சபை திட்டத்தை விலக்கிக்கொண்டது. நான் அன்ரிக்குப் போன் எடுத்தேன். ஒரு சொல் சொல்வீர்கள் என்றுதானே வந்தேன் அன்ரி என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"உங்கடை அத்தானிலை ஒரு குறையும் நான் சொல்லேல்லைப் பிள்ளை. ஒருத்தரை விட்டா பேந்து பத்துப்பேர் வருவினம். பேந்து நான் திரும்பவும் பார்க் எக்ஸ்டென்சனிலைதான் இருப்பன். அதுக்கோ நான் இவ்வளவு கஷ்டப்பட்டனான்?"

அந்தக் குரலில் உண்மையான பயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கூடுதலாக வெறுத்தது. வெறும் பேராசை என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம். அதன்பின் அவருடைய ஓடர்களை நான் எடுக்கவில்லை. அவர் வேறு ஒருவரைப் பிடித்துக்கொண்டார், ஒரு நாள்கூட அவருக்கு றோல்ஸுக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

அக்காவுக்குக் கடிதம் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது என்று. வேறு பட்டியல்களில் பெயர் போட்டாள், எல்லாம் வருடக்கணக்கில் நீண்ட பட்டியல்கள். அத்தான் இன்னும் இரண்டு பனிக்காலம் அந்த மூன்றாம் மாடி யன்னலோரத்தில் இருந்தார். இரண்டாவது பனிக்காலத்தில் லொத்தர் சீட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். தை மாதத்தில் மறுபடியும் பாரிசவாதம் வந்து போய்ச் சேர்ந்தார். அந்தக் கையெழுத்துகள் அவரைக் கொன்றன என்று நான் சொல்லமாட்டேன். அவரை உள்ளே பூட்டி வைத்தன என்று எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

செத்தவீட்டுக்கு அன்ரி வந்தார். டாக்ஸித் தம்பிதான் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கினார், பார்க் எக்ஸ்டென்சனில் அதற்குத் தடையில்லை. நல்ல கறுப்புக் கோட்டு, கையில் பழக்கூடை. இரும்புப் படியை அண்ணாந்து பார்த்தார். உறைந்து கிடந்தது. தனக்கு முழங்கால் ஏலாது, அக்காவைக் கீழே வரச்சொல்லுங்கோ என்று ஆள் அனுப்பினார். போகவேண்டாம் அக்கா என்று நான் கையைப் பிடித்தேன். பெரிய மனுசி தேடி வந்திருக்கிறா, குளிருக்குள் நிற்கவிடக்கூடாது என்று அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். இரவெல்லாம் அழுதவள், ஒன்றும் சாப்பிடாதவள், கைபிடியைப் பற்றிக்கொண்டு மூன்று மாடியும் ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் பின்னால் இறங்கினேன்.

அன்ரி அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். அது பொய்யழுகை இல்லை, மூக்கும் கண்ணும் சேர்ந்து ஓடின. பிறகு கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு படியைப் பார்த்து, வருத்தக்காரனை வைச்சுக்கொண்டு இப்பிடியொரு வீட்டிலை ஏன் பிள்ளை இருந்தனீங்கள், லிப்ட் உள்ள இடமாப் பாத்திருக்கலாமே என்றார். அக்கா ஓம் அன்ரி என்றாள். அன்ரி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"உம்மடை கடிதத்தை அண்டைக்கு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான். நல்ல குடும்பம் எண்டுதான் சொன்னனான். அதைமட்டும் மனசிலை வைச்சிரும்."

பழக்கூடையை என் கையில் தந்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவரை நான் கடைசியாகக் கண்டது அன்றுதான். இப்போது அந்தப் புது நிலையத்தில் ரயில் நிற்கிறது, அந்தக் காணியில் இன்னும் கார்தான் நிறுத்துகிறார்கள். அவர் வீட்டு விலை இன்னும் ஏறிவிட்டது என்று கேள்வி.

நாங்கள் மேலே ஏறினோம். அக்கா இரண்டாம் மாடித் தட்டில் மூச்சு வாங்க நின்றாள். கைபிடியில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் அந்தக் கடிதத்தை ஒருத்தருக்கும் காட்டேல்லையே. அவவிட்டை எப்பிடிப் போனது?"

படி வழுக்குது, ஆட்கள் வருவார்கள், பனி உருக உப்புப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த உப்பு வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.